மில் கேட்டில் ஒரு சல்யூட்

எங்கள் பஞ்சு மில் வாட்ச்மேன், உலக யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தவர். காஷ்மீர்ப் பனியில் சறுக்குக் கட்டையில் ஓடி, இரைக்கும் மூச்சை அடக்கிச் சுடும் போட்டியில் ஜெயித்தவர். பூட்டில் சாவி போடும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொள்வார்.

“கோப்பைய ஆபீசர் தன் பேருல வாங்கிக்கிட்டான். அவனுக்கு நான் சல்யூட் வேற அடிச்சேன். இனி எவனுக்கும் அடிக்க மாட்டேன் வே,” என்று குமாஸ்தாவான என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு என் மச்சான் பலூன் சுடும் கடை போட்டான். அவரை நான்தான் அழைத்துப்போய், “சாம்பியன் சுடுதாரு!” என்று கூவிக் கூட்டம் சேர்த்தேன். மூன்று குண்டும் தப்பின. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

“துப்பாக்கிக் குழல் வளைஞ்சிருக்கது உமக்குத் தெரியும்லா?” என்று என்னிடம் கேட்டார்.

தெரியும். அடுத்த ஆளைக் கூவி அழைத்தேன்.

மறுநாள் காலை மில் கேட்டில் என்னைக் கண்டதும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். நான் அந்த மில்லை விட்டுப் போகும்வரை ஒருநாள்கூட அதை நிறுத்தவில்லை.