மங்களம் பாடாத படம்

"ஏட்டி, அப்பா நாடகத்தப் படமா எடுத்திருக்காவளாம்லா. கோயில்பட்டி தியேட்டர்ல ஓடுதாம். என்னையக் கூட்டிட்டுப் போவியா, மாட்டியா?"

ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டபோது, பார்க்கலாம் என்று இழுத்தேன். தீப்பெட்டி ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் அந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்து, "சாப்பிட்டுட்டு மட்டும் போயிராத" என்று எச்சரித்திருந்தார்கள். அவ்வளவு ரத்தமாம்.

அப்பா நாடகம் என்றால் அப்பா எழுதியது அல்ல. சுற்றுவட்டாரக் கோயில் கொடைத் திருவிழாக்களில் அதில் வண்டிக்காரன் வேஷம் கட்டிய ராஜபார்ட் அவர். பருத்திப் பொதி ஏற்றிப் போகிற வண்டிக்காரன் பண்ணையார் மகள்மேல் ஆசைப்பட்டு, பண்ணையாரின் ஆட்கள் கையால் சாகிறான். கதை அவ்வளவுதான், மிச்சமெல்லாம் பாட்டு. மாட்டைத் தட்டிக்கொடுக்க ஒரு பாட்டு, தூக்குவாளியைத் திறக்க ஒரு பாட்டு. கத்திக்குத்து வாங்கிய பிறகும் அப்பா ஒரு முழுப் பாட்டைப் பாடி, கைதட்டு விழுந்தால் கடைசி அடியை இன்னொரு தடவை பாடிவிட்டுத்தான் சாவார். இடுப்பில் செருகிய சிவப்புத் துணியை உருவி விட்டால் அதுதான் ரத்தம்.

போன வருடம் அப்பா நிஜமாகவே போய்விட்டார். அம்மா அழவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோதும், அவர்களுக்குக் காப்பி கொடுத்தாச்சா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் உள்ளே இருந்தது நான் மட்டும்தான். அம்மா வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அப்பா எப்படிப் போனார் என்று இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாக ஆரம்பித்தால், அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று எழுந்து போய்விடுவாள். அழாத அழுகை அவளை உள்ளே என்ன செய்கிறதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இந்த லட்சணத்தில் அப்பா கட்டிய வேஷத்தை வெட்டிச் சாய்ப்பதைப் போய் அவளுக்குக் காட்டுவதா?

இன்றைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், தூக்குச் சட்டியில் அவித்த தட்டப்பயறோடு என் வீட்டு வாசலில் நிற்கிறாள். வெறும் வாயோடு படம் பார்க்க முடியாதாம். நான் பிடிவாதக்காரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியும்.

டிக்கெட் கொடுக்கிறவர் அம்மாவைப் பார்த்துத் தயங்கினார். "ஆச்சி, இது பெரியவங்க மட்டும் பாக்குற படம்."

"எனக்கு என்ன வயசுன்னு நெனச்சீரு?" என்றாள் அம்மா.

மதியக் காட்சி. பாதிக்கு மேல் காலி. அங்கங்கே அம்மா வயதுப் பெண்கள் இரண்டு மூன்று பேராக உட்கார்ந்திருந்தார்கள். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கலாம், மடியில் பைகள் இருந்தன. படத்தில் கரிசல் காடு இருந்தது, மாட்டு வண்டி இருந்தது, பாட்டுத்தான் இல்லை. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா என் காதில், "மைக் கெட்டுப்போச்சா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சிரிக்க ஒன்றும் இல்லை.

கடைசியில் வண்டிக்காரனைக் கொல்கிறார்கள். கத்தி இல்லை, கோடாலி. ஒரே வெட்டில் முடிக்கவுமில்லை. ரத்தம் திரையிலிருந்து நம்மேல் தெறிக்கிற மாதிரி இருந்தது. அவன் தவழ்ந்து தவழ்ந்து வண்டிச் சக்கரத்தைப் பிடிக்கிறான், அந்தக் கையையும் விடவில்லை பாவிகள். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன். விரலிடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்தேன். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் எனக்கு ஆச்சரியம். ஊரில் அப்பா நாடகத்தில் கத்திக்குத்துக் காட்சி வந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள் அவள். "முடிஞ்சிட்டாட்டி, முடிஞ்சிட்டாட்டி" என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

விளக்குப் போட்டார்கள். பெயர்கள் ஓடி முடிந்தன. இளவட்டங்கள் வெளியேறிவிட்டார்கள். அம்மா அசையவில்லை. சுற்றிப் பார்த்தால் அந்தப் பெண்கள் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எல்லோரும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டிப் பெருக்க வந்த அக்கா விளக்குமாறைத் தரையில் தட்டினாள். "படம் முடிஞ்சிட்டு. எந்திரிங்க ஆச்சி."

"இரும்மா. இன்னும் மங்களம் பாடலயே" என்றாள் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் செத்தவனை எழுப்பாமல் நாடகத்தை முடிக்க மாட்டார்கள். கொடைக்கு வந்த சனம் ஒரு சாவைக் கண்ணில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. செத்துக் கிடந்த வண்டிக்காரன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, குத்தியவனோடு தோளை உரசி நின்று மங்களம் பாடுவான். அதற்குப் பிறகுதான் பாயைச் சுருட்டுவார்கள். ஒரு ஊரில் பாதியில் மழை கொட்டிக் கூட்டம் கலைந்துவிட, மறுநாள் ஊர்ப்பெரியவர்கள் அப்பாவைப் பஸ் ஏற விடவில்லை. சட்டை வேட்டியோடு சகதியில் நின்று, ஆளில்லாத பொட்டலைப் பார்த்து மங்களம் பாடிவிட்டுத்தான் வந்தார்.

"இந்தப் படத்துக்கு வார ஆச்சியெல்லாம் இப்படித்தான் உக்காந்துக்கிடுதாவ" என்று பெருக்குகிற அக்கா என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அப்ப இவன் எந்திரிக்கவே மாட்டானா?"

"மாட்டாம்மா."

வெளியே வந்தோம். முழங்கால் வலிக்கிறது என்று தியேட்டர் படியிலேயே உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எதிரே ஆட்டோக்கள் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

"கண்ண மூடலியேம்மா இன்னைக்கு?"

"அப்பல்லாம் அவிய எந்திரிச்சிருவாவன்னு தெரியும்லா. நடுவுல எதுக்குப் பாக்கணும்?" பிறகு தூக்குச் சட்டியைப் படியோரமாக நகர்த்தி வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "வலிச்சுதாட்டி அவியளுக்கு?"

தூக்கத்திலேயே போய்விட்டார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதையே அவளிடமும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சாவை முழுசாகப் பார்த்து முடித்தவளிடம் எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வலிச்சுதும்மா. கொஞ்ச நேரம். என் கையப் பிடிச்சிக்கிட்டாவ. பெறவு பிடி தளந்துட்டு."

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். அம்மா அதை வாங்கித் தன் மடியில் வைத்தாள். விரல் விரலாகத் தடவினாள். பிறகு அதன்மேல் முகத்தைக் கவிழ்த்து, போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்க, சத்தம் போட்டு அழுதாள்.