பூட்ஸைக் கழற்றிய மேனேஜர்

மாமல்லபுரம், 1974. பஸ் நிலையத்துக்கு எதிரே காசிம் பாயின் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில், சென்னையில் கால்பந்து ஆட வந்திருக்கும் ருமேனிய அணியின் மேனேஜர், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இஞ்சி டீ குடிக்கிறார். சிற்பங்களைக் காட்ட நான்தான் கூட்டிவந்தேன். ஒரு காலத்தில் தன் நாட்டுக்காக ஆடியவர். முழங்கால் முறிந்ததால் ஆட்டத்தை விட்டவர்.

காசிம் பாயும் செங்கல்பட்டு அணியில் ஆடியவர்தான். இடுப்பில் அடிபட்ட பிறகு மைதானத்தின் பக்கமே போகவில்லையாம். "வெளிய நின்னுகினு பாக்கறது பேஜாரா இல்லியானு கேளு சார்," என்கிறார் என்னிடம்.

ஆங்கிலத்தில் கேட்கிறேன். மேனேஜர் சிரிக்கிறார். முதல் வருஷம் முழுக்க, யாரோ தன்னை ஆடக் கூப்பிடப்போவதுபோல, பூட்ஸைப் போட்டுக்கொண்டேதான் வெளியே உட்கார்ந்திருந்தாராம். ஒருநாள் ஆட்டத்தின் நடுவே ஒரு வீரனின் பூட்ஸ் கிழிந்துவிட்டது. தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். அவன் கோல் போட்டான்.

"நானே போட்ட கோலுக்குக்கூட அப்படிக் கத்தினதில்லை," என்கிறார்.

இதை நான் தமிழில் சொல்லி முடித்ததும் காசிம் பாய் மேனேஜருக்கு இன்னொரு டீ போட்டு வைத்துவிட்டு, உள்ளே வடை சுட்டுக்கொண்டிருக்கும் மைத்துனரைக் கூப்பிடுகிறார்.

"மச்சான், நாளைக்கு கடைய நீ பாத்துக்க. செங்கல்பட்டுல மேட்ச் கீது. நான் போய்ட்டு வரேன்."