டைமரைத் தேடி வந்தவர்

1998 ஆடி மாதம் வவுனியாவில் இராணுவத்தினர் என்னைப் பிடித்தார்கள். என் பையில் இருந்தவை ஒரு டைமர், இரண்டு சென்சர், சுருட்டிய வயர். அவ்வளவுதான். அவை குண்டுச் சாமான்கள் என்று சோதனைச் சாவடியில் சொன்னார்கள்.

நான் இயந்திரங்களைப் பொருத்திப் பூட்டும் பிட்டர். மலைநாட்டிலிருந்து வந்து பூவரசங்குளத்தில் குடியேறிய குடும்பம். வவுனியாவில் ஓர் அரிசி மில்லில் மூன்று வருடமாக வேலை. அந்த வருடம் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு புது இயந்திரம் எடுப்பித்தார். அது தானாகவே அரிசியை நிறுத்துச் சாக்கில் நிரப்பும். பெட்டி பெட்டியாக வந்த பாகங்களைப் பூட்டுவது என் பொறுப்பு. டைமரும் சென்சர்களும் ஏறும் தகடு பொருந்தவில்லை. அளவு காட்டித் தகட்டைத் திருத்தத்தான் அவற்றை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதலாளி சொல்லித்தான் போனேன்.

படையினரிடம் அதையே சொன்னேன். என்னை ஜீப்பில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுவந்தார்கள். முதலாளி வாசலில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

“இவரை எனக்குத் தெரியாது. இப்பிடி ஒராள் இங்கை வேலை செய்யேல்லை” என்று, கூட வந்த மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னார்.

பத்தொன்பது நாள் இராணுவ முகாமில் இருந்தேன். அடித்ததை விரித்துச் சொல்ல விருப்பமில்லை. முதலில் சாவைத்தான் கேட்டேன். பிறகு ஒரு காலையில் எங்கள் ஊர் மாரியம்மனை நினைத்து, “தாயே, இது என்ன சாமான்னு தெரிஞ்ச ஒருத்தர அனுப்பு” என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

என் மனைவி பவானி ஒவ்வொரு நாளும் கோயிலுக்குப் போய்விட்டு மில் வாசலுக்குப் போயிருக்கிறாள். “எனக்கும் பிள்ளையள் இருக்கினம் தங்கச்சி. என்னையும் பிடிக்கட்டும் எண்டோ நிக்கிறாய்?” என்று முதலாளி விரட்டியிருக்கிறார். அவர் பயம் பொய்யில்லை. ஆனாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பத்தொன்பதாம் நாள், இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள எஞ்சினியர் வந்தார். டைமர் எங்கே என்று சத்தம் போட்டபடி வெளியே வந்தவரைப் பவானி மறித்தாள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

“டைமர் ஆமிக்கிட்ட இருக்குங்க ஐயா. எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு.”

அவர் இயந்திரத்தின் வரைபடத்தோடு நேரே முகாமுக்கு வந்தார். அதிகாரியின் மேசையில் அதை விரித்து ஒவ்வொரு சாமானாகக் காட்டினார். அன்று பின்னேரமே என்னை விட்டார்கள். அவர் தேடி வந்தது டைமரை, என்னையல்ல. ஆனால் அவரை அனுப்பியது அம்மன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வலது கையில் இரண்டு விரல்கள் இன்றுவரை மடங்குவதில்லை. ஸ்பானரைப் பிடிக்க முடியாது. இயந்திரத்தை வேறொருவர் பூட்டி முடித்தார். அதை ஓடவிடும் பூசைக்கு முதலாளி ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. கையை ஏன் காக்கவில்லை என்று சில வெள்ளிக்கிழமைகளில் அம்மனிடமே கேட்கிறேன். கோபத்தோடுதான் விளக்கேற்றுகிறேன். ஆனாலும் ஏற்றுகிறேன். உயிரோடு வீடு வந்தது அவளால்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முன்பு பக்கத்து வீட்டில் யாரையாவது பிடித்தால் நானும் கதவைச் சாத்திக்கொண்டவன்தான். இப்போது அப்படியில்லை. எனக்குச் சிங்களம் வரும். பிடிபட்டவர்களின் வீட்டாரோடு முகாமுக்குப் போய் அவர்களுக்காகக் கதைக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது உள்ளே இருந்தால், தயங்காமல் கோயிலடிக்கு வாருங்கள். என்ன வேண்டுமென்று அம்மனிடம் தெளிவாகக் கேளுங்கள். பிறகு முகாமுக்கு நானும் கூட வருகிறேன்.