ஈறும் ஈரும்

ஒரு ஐஸ்பழத்தில் தொடங்கிய கோபம் இது. மூன்று மாதம் கடந்தும் எனக்கு ஆறவில்லை. ஆகவே நீங்களும் கொஞ்சம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாவியோரமாக வந்துகொண்டிருந்தோம். நான், என் நான்கு வயது மகள் ஷெரின், என் மாமியார். பெரிய வெயில் என்று சொல்ல முடியாது, கண்டி வெயில்தானே. ஆனாலும் மாமி பேத்திக்கு ஒரு சிவப்பு ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டார். நான் கைப்பைக்குள் கைக்குட்டை தேடி நிமிர்வதற்குள் பாதி கரைந்து சட்டையில் வழிந்திருந்தது. "அம்மா, இங்க பாருங்க" என்று ஷெரின் நாக்கை நீட்டினாள். நாக்கு சிவப்பு, உதடு சிவப்பு, அது போகட்டும். பிறகு சிரித்தாள். ஒவ்வொரு பல்லின் அடியிலும், சதையைத் தொடுகிற இடத்தில், சிவப்புப் பேனாவால் கோடு போட்டதுபோல ஒரு வளைவு. கடைவாய்ப் பற்களின் இடுக்கில் இன்னும் கடுஞ்சிவப்பு. அன்று காலை நானே தேய்த்துவிட்ட பற்கள். உண்மையில் தேய்த்தேனா, அல்லது பூசைக்கு நேரமாகிறது என்று பிரஷ்ஷை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேனா?

"அழுக்கு இருக்கிற இடத்துலதான் மாமி இந்தச் சாயம் இப்பிடிப் பிடிக்கும்" என்றேன்.

"ஐயோ, இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? பால்பல்லு தானேம்மா. விழத்தானே போகுது."

விழத்தானே போகுது! இந்த வார்த்தையை நான் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். இரவில் பால் போத்தலோடு பிள்ளை தூங்கியபோது, "குடிச்சிட்டே தூங்கட்டும், பாவம், பல்லு விழத்தானே போகுது." பக்கத்து வீட்டு அன்ரி டொஃபியை உரித்து வாயில் வைத்தபோதும் அதே பேச்சு. விழப்போகிற பல்லுக்கு வலி தெரியாதா? விழப்போகிற பல்லால்தானே இன்றைக்குச் சோறு மெல்லுகிறாள்? கூரைத் தகரத்தைக்கூட ஒருநாள் மாற்றத்தான் போகிறோம், அதற்காக அதுவரை நனைந்துகொண்டா இருக்கிறோம்? இதையெல்லாம் மாமியிடம் கேட்டேன் என்று நினைக்காதீர்கள். மனதுக்குள் கேட்டேன். வெளியே, "சரி மாமி" என்றேன். என் வீரம் எப்போதும் வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் வரும்.

சாயம் அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கு ஒரு சிவப்பு மாத்திரைதான் காரணம்.

மஹய்யாவையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், தண்ணீர்த் தாங்கிக்கும் கன்ரீனுக்கும் நடுவே ஒரு சின்ன அறை இருந்தது. கராம்பு எண்ணெய் மணம் வாசலுக்கு வெளியிலேயே பிடித்து நிறுத்தும். இன்றைக்கும் புரியாணிக்குக் கராம்பு தாளித்தால் எனக்குப் பசிப்பதற்குப் பதில் வாயை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. உள்ளே பிள்ளைகளை உட்காரவைத்துக் காலால் மிதித்து உயர்த்துகிற ஒரு கதிரை. அதன் பக்கத்தில் பல்லு மிஸ். அரசாங்கம் அனுப்பிய சிங்களப் பெண், பிள்ளைகளின் பல்லை மட்டும் பார்ப்பவர். மிக இளம் வயது, மூக்கு நுனியில் கோபம்.

வகுப்பு வகுப்பாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு சிவப்பு மாத்திரை தருவார். மென்று, வாய் முழுக்கப் பரப்பி, வெளியே குழாயடியில் துப்பவேண்டும். பிறகு பல்லைக் காட்டவேண்டும். பல்லில் ஒட்டிக் கிடக்கும் அழுக்குப் படலம் மட்டும் சிவந்து நிற்கும். அப்படியே விட்டால் அதுதான் இறுகிக் கல்லாகும், சதையைத் தின்னும் என்பார். எங்களுக்கு அதெல்லாம் எங்கே ஏறியது? குழாயடி முழுக்க வெற்றிலை போட்டுத் துப்பியதுபோல இருக்கும், எங்களுக்கு அது திருவிழா. "ஏய், உன் பல்லுல ரெட் லைட் எரியுதுடி, பஸ்ஸெல்லாம் நிக்கப் போகுது" என்று என்னைத்தான் அதிகம் கேலி செய்வார்கள். எனக்குத்தான் அதிகம் சிவக்கும்.

ஒருநாள் மிஸ் என் உதட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "துவ, ஈறு நல்லா இல்லை. அம்மா கிட்ட சொல்லு. ராத்திரி ராத்திரி நல்லா சுத்தம் பண்ண வேணும்." துவ என்றால் மகளே. அது எனக்குப் புரிந்தது. ஈறைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்.

இங்கேதான் பிழை. எங்கள் வீட்டில் அதைப் பல்லுச் சதை என்போம். சுகாதாரப் பாடப் புத்தகத்தில் அது முரசு. பல்லு மிஸ் எந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழ் படித்தாரோ, அவருக்கு ஈறு. எங்கள் காதுக்கு ஈறும் ஈரும் ஒன்றுதான், அதுவோ பேன் இடுகிற முட்டை. பல்லு மிஸ் ஏன் என் தலையைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மிஸ்மார் நகம் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், இதையும் பார்த்திருப்பார்.

அம்மா வீட்டில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். "அம்மா, எனக்கு ஈரு நல்லா இல்லையாம். ராத்திரி ராத்திரி சுத்தம் பண்ணணுமாம்."

மெஷின் நின்றது. "ஈரா? யாரு தலையில ஈரு?"

என் தலைமுடி அப்போது இடுப்புவரை இருந்தது. அது எனக்குச் சொந்தமென்று நான் நினைத்தாலும், உண்மையில் அம்மாவின் பெருமைக்குத்தான் சொந்தம். அன்றிரவு வெள்ளைத் துணியை மடியில் விரித்து, வேப்பெண்ணெய் தடவி, பேன் சீப்பால் வாரினார். எதுவும் விழவில்லை. மறுநாளும் வாரினார். அடுத்த தடவை மிஸ் என் வாயைப் பார்த்து, "ஈறு இன்னும் மோசம். அம்மா ஒண்டும் செய்யலையா?" என்றார். அதையும் அப்படியே அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா பெரிய கத்தரிக்கோலை எடுத்து என் முடியைக் கழுத்தோடு வெட்டினார். நான் அழுத அழுகைக்கு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயம் முழுக்க எட்டிப் பார்த்தது.

அதன் பிறகும், "ஈறுல ரத்தம் வருது" என்று மிஸ் சொல்லியனுப்பியபோது, அம்மா சேலையை மாற்றிக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். மிஸ் வழக்கம்போல என் கையில் ஒரு மாத்திரையைத் தர, நான் மென்றுகொண்டு நின்றேன்.

"மிஸ், எம்புள்ள தலையில ஒரே ஒரு ஈரு எடுத்துக் காட்டுங்க பாப்போம்!"

"தலை? ஏன் தலை?" மிஸ் எழுந்துவிட்டார். "அம்மா, வாய்! மே பலன்ன, வாய்!" என் கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்தார். இங்கே பாருங்கள் என்று அவர் சிங்களத்தில் கத்தியது கன்ரீன்வரை கேட்டிருக்கும். "இது ஈறு!"

"இது பல்லுச் சதை."

"புத்தகத்தில ஈறு!"

"அப்ப புத்தகம் எழுதினவன் தலையில வைங்க சீப்ப!"

உதடு மிஸ்ஸின் விரலில் இருக்க, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயிலிருந்த சிவப்புத் தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது. அவர் முதலில் முறைத்தார், பிறகு என் கட்டை முடியைப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரிந்ததும் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இடுப்புவரை முடி வளர்த்தவருக்குச் சிரிப்பு எப்படி வரும்?

பிறகுதான் மிஸ் காட்டினார். பிரஷ்ஷைச் சாய்த்து, பல்லும் சதையும் சேருகிற இடத்தில் வைத்து, மெதுவாக, சின்னச் சின்னதாக அசைக்கவேண்டும். முன்பல்லோடு நிறுத்தாமல் உள்பக்கமும் கடைவாயும் தேய்க்கவேண்டும்.

"ரத்தம் வருதே மிஸ்? ரத்தம் வாற எடத்துல தேய்க்கலாமா?"

"அங்கதான் தேய்க்க வேணும். அழுக்கு இருக்கிறதால வருது. அழுக்குப் போனா நிக்கும்."

அம்மாவின் முகம் மாறியது. எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே இரத்தம் வருகிறதோ, அந்த இடத்தைப் புண் என்று நினைத்துத் தொடாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். அம்மாவும் அப்படித்தான். "பெரியவங்களுக்கும் அப்பிடித்தானா மிஸ்?" என்று சேலைத் தலைப்பால் வாயை மறைத்தபடி கேட்டார். மிஸ் தலைப்பை விலக்கச் சொல்லிப் பார்த்தார். "கல்லுப் பிடிச்சிருக்கு. இனி பிரஷ்ஷால போகாது. கிளீன் பண்ண வேணும். இங்க பிள்ளைகளுக்கு மட்டும், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அம்மா போகவில்லை. என் இரத்தம் இரண்டு கிழமைக்குள் நின்றுவிட்டது. அம்மா என் வாயை ஒவ்வொரு இரவும் திறந்து பார்த்தார், தம்பியின் வாயைப் பார்த்தார். தன் வாய்க்குப் போக அவருக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும் என்று சுற்றியிருந்தவர்கள் வேறு பயங்காட்டினார்கள். பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது கல் என்பது அவர்கள் கண்டுபிடிப்பு. அந்தக் கல்தான் பல்லை ஆட்டுகிறது என்று உரக்கச் சொல்ல ஒருவர் இல்லை. வலி பொறுக்க முடியாமல் போனபோதுதான் போனார். அப்போது பிடுங்குவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. ஒன்று, பிறகு இன்னொன்று என்று எல்லாமே போயின. நான் பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதும்போது அம்மா கழற்றி மாட்டுகிற செட்டுப் பல் வைத்திருந்தார். அதற்கும் ஊர் என்ன சொன்னது தெரியுமா? "வயசானா விழத்தானே செய்யும்." அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை! பிள்ளைக்குப் பால்பல் என்பதால் விழும், அம்மாவுக்கு வயதானதால் விழும். அப்படியென்றால் பல்லைப் பார்க்கவேண்டிய வயது எது?

ஐஸ்பழத்துக்கு வருகிறேன். மறுநாளே டவுனில் ஒரு பல் டொக்டரிடம் ஷெரினைக் கொண்டுபோனேன். தமிழ் பேசும் முஸ்லிம் பெண். என் மடியில் பிள்ளையை வைத்து, வாயைத் திறந்து பார்த்து, "ராத்திரி கடைசியா வாயில போறது என்னம்மா? பாலா, பிரஷ்ஷா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. ஒரு கடைவாய்ப் பல்லில் குழி விழுந்துவிட்டது, அதை அடைக்கவேண்டும். பக்கத்துப் பல்லில் வெள்ளைப் புள்ளி. அது இன்னும் குழியாகவில்லை. "இதைக் காப்பாத்தலாம். ஒழுங்காத் தேய்ச்சிட்டு மூணு மாசத்துல வாங்க. குழி விழுந்து ஆழமாப் போனா எடுக்கத்தான் வேணும்."

"விழுற பல்லுத்தானே எண்டு வீட்ல…"

"இது பத்துப் பதினொரு வயசுலதான் விழும். அதுவரைக்கும் எதால சாப்பிடுவா?"

இந்த ஒரு வசனத்தை எனக்கு நான்கு வருடம் முந்தி யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? நான் படித்தவள். காய்ச்சலுக்கு எத்தனை மில்லி என்று மனப்பாடம். வெந்நீர் எத்தனை நிமிடம் கொதிக்கவேண்டும் என்று தெரியும். இது தெரியாது. தெரிந்திருந்தது, இல்லையா? மிஸ் சொன்னாரே. சொன்னதை என் வாய்க்கென்று வைத்துக்கொண்டேன், பிள்ளையின் வாய்க்கும் அதுதான் என்று தோன்றவில்லை.

அந்தச் சிவப்பு மாத்திரையைத் தேடிக் கண்டியில் பாமசி பாமசியாக ஏறினேன். "அப்பிடி ஒண்டு இல்ல மிஸ். பல்லு வெள்ளையாக்குற பேஸ்ட் இருக்கு" என்றார்கள். வெள்ளையாக்கவா கேட்டேன்? அழுக்கைக் காட்டக் கேட்டேன். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குப் புழுப்போல பேஸ்ட்டைப் பிதுக்குகிறார்கள். என் பிள்ளைக்குப் பட்டாணியளவு போதும் என்று அந்த விளம்பரம் ஏன் சொல்வதில்லை?

பழைய பள்ளிக்கூடத்துக்கும் போனேன். என்னோடு படித்தவள் இப்போது அங்கே ரீச்சர். "பல்லு மிஸ்ஸா? அவங்க பென்ஷன்ல போய் எவ்வளவு காலம்டி. பிறகு யாரும் வரல" என்று அறையைத் திறந்து காட்டினாள். விளையாட்டுப் போட்டிக்குக் கட்டுகிற கொடிகள், இல்லங்களின் பெயர்ப்பலகைகள். கதிரை இல்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன், கராம்பு மணமும் இல்லை. வேறு பள்ளிகளில் இப்படி அறை இன்னும் இருக்கிறதாம். இருக்கட்டும். எங்கள் குழாயடியில் இப்போது யாரும் சிவப்பாகத் துப்புவதில்லை.

கடைசியில் கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தைத் தண்ணீரில் கலந்தேன். டொக்டரிடம் கேட்டதற்குச் சிரித்துவிட்டு, கிழமைக்கு ஒரு தரம், துளியளவு, துப்ப வைத்தால் சரி என்றார். இரவில் பாலை முதலில் முடித்து, பிறகு தேய்த்து, பேஸ்ட்டைத் துப்பிவிட்டு வாயைக் கழுவாமலே படுக்கை. மாமி, "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் இல்ல" என்றார். சொல்லட்டும். மூன்று மாதம் முடிந்து போனபோது டொக்டர் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தார். "வெள்ளைப் புள்ளி அப்பிடியே நிண்டிருக்கு. குழி விழல. இப்பிடியே கொண்டுபோங்க."

அந்த மகிழ்ச்சியில் மாமியையும் கூட்டிக்கொண்டு மஹய்யாவைக்கு அம்மா வீட்டுக்குப் போனோம். ஷெரின் சாயப் போத்தலைக் கொண்டுவந்து எல்லோருக்கும் துளி வைப்பேன் என்று அடம்பிடித்தாள். முதலில் மாமிக்கு. கண்ணாடியைப் பார்த்த மாமி, "அட மாதாவே, எனக்கு இவ்வளவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நான் கண்ணாடியை வாங்கி வைத்தேன். மிச்சத்தை என் முகம் சொல்லியிருக்கும்.

பிறகு ஷெரின் அம்மாவிடம் போனாள். அம்மா செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து காட்டினார். "எனக்கு எங்கடி ஒட்டும்?"

"அம்மாச்சிக்குப் பல்லு விழுந்துருச்சா? புதுசு எப்ப முளைக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும். மாமி மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். ஷெரினுக்கு ஒரு கவுண், விளிம்பு மடிப்பு மட்டும் மிச்சம். நான் சின்னவளாக இருந்தபோது தையல் முடிந்ததற்கு ஒரு அடையாளம் இருந்தது. துணியைத் தூக்கி முன்பல்லில் நூலைக் கொடுத்து, டக் என்று கடிப்பார். அடுத்த அறையில் இருந்தாலும் எனக்குக் கேட்கும், என் சட்டை தயார் என்று ஓடிவருவேன்.

மெஷின் நின்றது. நான் காதைக் கொடுத்தபடி இருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கத்தரிக்கோல எங்கடி வச்ச?" என்றார் அம்மா, நூலைக் கையில் பிடித்தபடி.