கயிறு போட்டுக் கட்டாத தாய்மாமன்

சீரை மூடிக்கொண்டு போவதா, திறந்துகொண்டு போவதா? அன்று காலையில் காளவாசலில் என் தையல் கடை வாசலில் நடந்த சண்டை இதுதான். வண்டிக்கார அண்ணன் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். என் தம்பியோ குட்டியானை வண்டியின் மேலே ஏறி நின்றுகொண்டு, "அண்ணே, அத மடிச்சு சீட்டுக்கு அடியில வைங்க. தாய்மாமன் சீர யாராச்சும் மூடிக்கிட்டுப் போவாங்களா? நாம என்ன எழவு வீட்டுக்கா போறோம்?" என்று கத்துகிறான். நானும் அவன் கட்சிதான். அவனைவிட நான் இரண்டு பங்கு சத்தம் போட்டேன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சத்தம் போடாமல் என்ன செய்வது? எங்கள் அக்காவைப் பேரையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகனுக்கு அன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள்; அவன் வந்து சேராமல் ஊசியையே எடுக்க மாட்டார்கள். அவன் சும்மா வரமாட்டான், சீரோடு வருவான். அக்கா கல்யாணத்தின்போது எங்கள் கையில் ஒன்றுமில்லை. அப்பா போய்ச் சேர்ந்த மறு வருஷம் அது. இரண்டு பித்தளைப் பாத்திரத்தைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினோம். "எங்க மருமக சீரு பஸ்ஸுல டிக்கெட் எடுத்து வந்துச்சு" என்று அக்காவின் மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பேச்சு வரும், அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். தம்பி வெல்டிங் பட்டறை வைத்துக் கொஞ்சம் தலையெடுத்ததிலிருந்து ஒரே பிடிவாதம். பேரையூர் கடைத்தெரு வழியாக, ஊரே வாயைப் பிளந்து பார்க்க, ராகு காலம் பிறப்பதற்குள் சீர் போய் இறங்க வேண்டும். அந்த வீட்டு வாசலில் அக்கா ஒரு தடவையாவது நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் பார்வைக்கு வைத்தோம். பீரோவைப் படுக்க வைத்தால் யாருக்குத் தெரியும்? நிமிர்த்தி, கண்ணாடி ரோட்டைப் பார்க்க நிறுத்தினோம். கட்டில் தம்பி தன் பட்டறையிலேயே செய்தது. வண்டியைவிட நீளம், பின்னால் ஒரு முழத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. சாமான் நீட்டினால் சிவப்புத் துணி கட்ட வேண்டும், கட்டிவிட்டால் போலீஸ் ஒன்றும் கேட்காது. எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். நான் தையல்காரி, வெறும் துணியையா கட்டுவேன்? பட்டு ரவிக்கையில் மிஞ்சிய சிவப்புத் துண்டை முக்கோணமாக வெட்டி, ஓரத்தில் சரிகை வைத்து, கீழே குஞ்சமும் தொங்கவிட்டிருந்தேன். அம்புட்டு அழகு! மூலையில் ஒரு கிடாக்குட்டி மாலையோடு நின்றது. குதித்துவிடும் என்று அதைக் கம்பியோடு சேர்த்து இரண்டு சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினோம். பீரோவுக்குக் கயிறு போட்டால் கண்ணாடி மறைக்கும் என்று தம்பி அதைத் தானே பிடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

புறப்பட்டோம். ஆத்தாடி, என்ன சந்தோஷம்! வண்டிக்குப் பின்னாலேயே எங்கள் பைக். வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தேன். பசுமலை தாண்டும்போது பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். தம்பி ஒரு கையால் பீரோவை அணைத்துக்கொண்டு, மறு கையால் தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி கும்பிடு போட்டுக்கொண்டே வந்தான். நான் அக்காவைப் போனில் கூப்பிட்டு, "யக்கா, வாரோம்! ஒன் தம்பி வண்டி மேல நின்னுக்கிட்டு வாரான், வாசல்ல நின்னு பாரு!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் மைக் செட்டு அலறிக்கொண்டிருந்தது. "மேலயா? பாத்துடி!" என்றது மட்டும் கேட்டது.

நாலு வழிச் சாலையில் ஏறித் திருமங்கலத்தை நோக்கிப் போகையில் ஒரு காக்கிச் சட்டை அம்மா கையை நீட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இறங்கி ஓடினேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, என் சிவப்புத் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு தச்சது?"

"நான்தான் மேடம்" என்றேன், பெருமையாக.

"நல்லா இருக்கு. ஆனா சட்டம் மாறி வருசக்கணக்காச்சும்மா. செவப்புத் துணி கட்டினாலும் வண்டிக்கு வெளிய சாமான் நீட்டக் கூடாது. பிரேக் போட்டா இந்தக் கம்பி பின்னாடி வாரவன் நெஞ்சுலதான் ஏறும். பின்னாடி யாரு வந்தா?"

என் வீட்டுக்காரர் பைக்கில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகூட அப்படித் தூக்காது.

எனக்கு வந்ததே கோபம்! "இது சீர் மேடம், சிமெண்டு மூட்டையா? தாய்மாமன் போகாம அங்க காது குத்த மாட்டாங்க. ராகு காலம் வந்துரும். எங்கள விடுங்க" என்று ரோடே அதிரச் சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருந்தாலாவது ஒரு கை பார்த்திருப்பேன். அவரோ மேலே நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார்.

"தாய்மாமன் நீங்கதானா? சரக்கு வண்டி மேல ஆளு ஏறக் கூடாதுன்னு தெரியாதா? ஆட்டுக்குட்டிக்கு ரெண்டு சுத்துக் கயிறு போட்டிருக்கீங்க. தாய்மாமனுக்கு ஒரு கயிறும் இல்ல. காது குத்த எது வேணும் தம்பி, பீரோவா, ஒங்க மடியா?"

தம்பி மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினான். வண்டிக்கார அண்ணன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் பார்த்துவிட்டேன்.

அப்புறம் என்ன, அபராதச் சீட்டும் கிழித்தார், வேலையும் வாங்கினார். தம்பி வண்டிக்கார அண்ணனிடம் ஸ்பேனர் வாங்கிக் கட்டிலை நாலாகக் கழற்றினான். அவன் செய்ததுதானே, எந்த போல்ட்டு எங்கே என்று அவன் கைக்குத் தெரியும். பீரோவைக் கட்டில் மெத்தைமேல் படுக்க வைத்து, எல்லாவற்றையும் கயிற்றால் இறுக்கி, தார்ப்பாயைப் போட்டு மூடி, அதற்கு மேலும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார்கள். கிடாக்குட்டியின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. என் சிவப்புத் துணியை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டிவிட்டேன். தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வண்டிக்கார அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பொழுது போன வேகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடவென்று வருகிறது. திருமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே போனேன்.

பேரையூருக்குப் பாதி தூரம் இருக்கும். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஒரு ஆட்டு மந்தை திடுமென்று ரோட்டில் இறங்கியது. வண்டிக்கார அண்ணன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். தார்ப்பாய்க்குள் பீரோ முன்னால் போய்த் திமிறியது, கயிறெல்லாம் விறைத்துக்கொண்டு நறநறவென்றது, வண்டி குலுங்கி நின்றது. ஒரு சாமானும் கீழே விழவில்லை. எங்கள் பைக் வண்டியின் பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கட்டில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த இடத்தை என் வீட்டுக்காரர் பார்த்தார். தம்பி நின்றுகொண்டு வந்த இடத்தை நான் பார்த்தேன். அங்கே மடித்துவிட்ட தார்ப்பாய் நுனி மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் நான் யாரையும் திட்டவில்லை.

கடைத்தெருவில் நுழைந்தோம். அடேயப்பா, திறந்து வைத்திருந்தால்கூட இம்புட்டுக் கூட்டம் வந்திருக்காது! "என்னப்பா இது, மூடிக் கொண்டு வாராங்க? உள்ள என்னத்த வச்சிருக்காங்க?" என்று டீக்கடையிலிருந்து தம்ளரும் கையுமாக எழுந்து வந்துவிட்டார்கள். எனக்கு மறுபடியும் உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. அக்கா வீட்டுத் தெரு குறுகல் என்பதால் வண்டியை ரிவர்ஸிலேயே உள்ளே விட்டார்கள். எங்கள் பைக் கூட்டத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

வாசலில் அக்கா ஆரத்தித் தட்டோடு நின்றாள். முகமெல்லாம் பல். தம்பி மேலே நின்று கும்பிட்டுக்கொண்டு வருவான் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தெரிந்தது வண்டியின் பின்பக்கம் மட்டும்தான். மேலே ஒருவரும் இல்லை. நீளமாக ஏதோ படுக்க வைத்து, மூடி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. கிடாக்குட்டி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

தட்டு விழுந்த சத்தம் எனக்குத் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"தம்பி எங்க?" என்று அலறிக்கொண்டு அவள் அந்தத் தார்ப்பாயைப் போய்ப் பிடித்தாள். "எந்தம்பி எங்க? மேல நின்னு வாரான்னு தங்கச்சி சொன்னாளே!"

முன்பக்கக் கதவைத் திறந்துகொண்டு தம்பி குதித்து ஓடி வந்தான். "யக்கா, இங்க இருக்கேன்க்கா, ஒண்ணுமில்லக்கா!" அவனை அவள் தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கும் இரண்டு அடி விழுந்தது.

மாமியார் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, ஒங்க ஆத்தா வீட்டுச் சீர மூடியே வச்சிருக்கீங்க. பிரிச்சுக் காட்டச் சொல்லு, ஊரு பாக்கட்டும்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்தாள். "சீரு கெடக்கு அத்தை. எந்தம்பி வந்துட்டான்" என்றாள்.

தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மணையில் உட்கார வைத்து, பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. ஊசி பட்டதும் பிள்ளை மைக் செட்டையும் மீறி வீறிட்டு அழுதான், மாமன் விரலைக் கடித்தும் வைத்தான். தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான். காது குத்தி முடிகிற வரைக்கும் தார்ப்பாயை யாரும் பிரிக்கவில்லை.