தோற்கும்வரை மழிக்காத தாடி

பனிக்கட்டியின்மேல் விளையாடுகிறவர்களுக்கும் வியர்க்கும் என்பதைக் கனடா வந்த பிறகுதான் அறிந்தேன். வெளியே உறைகுளிர், பஸ்ஸுக்குள் கொலிஜ் பையன்களின் ஈரக் காலுறை, கையுறை, நெஞ்சுக்கவசம். யன்னலைத் திறந்தால் காது விறைக்கும், மூடினால் வயிற்றைப் பிரட்டும். ரொறன்ரோவில் உள்ள ஒரு கொலிஜின் ஐஸ் ஹொக்கி அணியை அந்த நாற்றத்தோடு ஊரூராக ஏற்றி இறக்குவதுதான் அந்தப் பனிக்காலத்தில் என் வேலை. மகேசன் என்ற பெயர் அவர்கள் வாயில் மைக் ஆகிவிட்டது. ஆட்டம் பார்க்க உள்ளே கூப்பிடுவார்கள். கோப்பியும் சூடும் கிடைக்கும் என்று போய் இருப்பேன். ஒரு கறுத்த வட்டுக்காக ஆளை ஆள் சுவரோடு மோதித் தள்ளுவதைப் பார்த்து ஒருநாள் நானும் எழுந்து கத்தினேன். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அணி காலிறுதியை வென்ற கிழமை, அம்மா இறந்த செய்தி கொழும்பிலிருந்து தொலைபேசியில் வந்தது. யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவரும் கொடிகாமத்துக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். காய்ச்சல், மருந்தில்லை. செய்தி வந்தபோது எரித்து ஒரு கிழமை கடந்திருந்தது. ஒரே மகன் நான். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் பேரன்.

பஸ் கொம்பனி மேலாளரிடம் லீவு கேட்டேன். "ஐ ஆம் சொறி" என்று தோளைத் தொட்டார்.

"இறுதிச் சடங்கு எப்போது?"

"முடிந்துவிட்டது."

"ஊருக்குப் போகிறாயா?"

"போக முடியாது. அங்கே சண்டை. எனக்கு இங்கே இமிகிறேசன் அலுவலும் முடியவில்லை."

கொஞ்சம் யோசித்தார். கெட்ட மனிதரல்ல. "அப்படியானால் சனிக்கிழமை நீ ஃப்ரீதானே?" என்றார்.

தலையாட்டினேன். சாவீடு இல்லாத சாவுக்கு லீவு எடுத்து எங்கே போய் இருப்பது?

"செத்தவீட்டுத் துடக்கோடை இந்த நேரத்திலை உங்களுக்கு என்ன விளையாட்டு?" என்று மனைவி சாந்தி கத்தினாள்.

"விளையாடுறது அவங்களப்பா. நான் பஸ் ஓடுறன்."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குவரை முகம் மழிப்பதில்லை என்ற ஒன்றையாவது கடைப்பிடிப்போம் என்று தாடியை விட்டேன். அம்மாவுக்குப் பிடிக்காத காரியம். "உந்தத் தாடியோடை வெளிக்கிடாதை, சென்றியிலை ஆமி இறக்கிப்போடுவான்" என்று வீட்டுப் படலையடியில் மறிப்பார். சோதனைச்சாவடியில் பஸ்ஸால் இறக்கி விசாரிப்பார்கள் என்ற பயம். நான் நாட்டைவிட்டுப் புறப்பட்ட காலையிலும் கன்னத்தைத் தடவிப் பார்த்துத்தான் வழிவிட்டார்.

அரையிறுதிக்குப் போக பஸ்ஸில் ஏறியவர்கள் என்னைக் கண்டு கூச்சலிட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், எல்லா முகத்திலும் செம்பட்டையும் மஞ்சளுமாகத் தாடி. சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் தொடங்கினால் தோற்கும்வரை மழிக்கமாட்டார்களாம்.

"மைக்கும் எங்களோடு சேர்ந்துவிட்டான்!" என்றான் அணித்தலைவன் றயன்.

"இது என் அம்மாவுக்காக" என்றேன்.

"உன் அம்மாவும் ஹொக்கி பார்ப்பாரா? கிரேட்!"

பஸ் முழுக்கக் கைதட்டல். நான் பஸ்ஸை எடுத்தேன்.

அன்று வென்றார்கள். ஹமில்ரனில் பகலில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கோலால் தோற்றார்கள். ஆறடிப் பையன்கள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்கள். தாய்மார் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு விளையாட்டில் தோற்றதற்கு இத்தனை பேர் கூடி அழலாம். எங்கள் பேஸ்மென்ற் வீட்டிலோ, மேலே இருக்கும் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று சாந்தியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டல்லவா அழுதோம்.

உடை மாற்றும் அறையில் மழிக்கத் தொடங்கியதும் அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. றயன் வெளியே வந்து புது றேசர் ஒன்றை நீட்டினான்.

"சீசன் முடிந்தது மைக். நீயும் எடுத்துவிடு."

"எனக்கு இன்னும் முடியவில்லை."

"அதுதான் வேணும்! அடுத்த வருடம் வெல்வோம்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

நெடுஞ்சாலையில் ஏறியபோது வெயில் முற்றாக இறங்கவில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மழித்த முகங்கள் வரிசையாகத் தூங்கின. கீழ் மூலையில் தாடியோடு என் முகம். ஊரில் இந்த முகத்தோடு நடந்தால், துக்கம் விசாரிக்கச் சனம் மறித்திருக்கும். விசாரணைக்கென்று ஆமியும் மறித்திருப்பான். இங்கே ஒருவரும் மறிக்கவில்லை. தெரு நேராக, தடையில்லாமல் ரொறன்ரோவுக்குப் போய்க்கொண்டிருந்தது.