தூக்குச்சட்டியில் கட்டிய ஐஸ்

என் கல்யாணச் சீரில் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குச்சட்டி வந்தது. ஐந்து லிட்டர் பிடிக்கும். மூடியில் அப்பாவின் பெயரை வெட்டிக் கொடுத்திருந்தார்கள். என் கணவர் அதன் அடியில் ஒரு ஓட்டை, பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டு எங்கள் வேனின் இன்ஜினோடு சேர்த்து மாட்டிவிட்டார். பொங்கலுக்குப் பாத்திரம் துலக்க எடுக்கும்போதுதான் சட்டியைக் காணோம் என்பதே எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "எங்கயும் போவல, வேன்லதான் கீது" என்றார். பால் வாங்கப் போயிருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அவருக்கு விழுப்புரத்தில், புதுச்சேரி போகும் சாலையில் ஒரு பட்டறை. ஆட்டோவுக்கும் வேனுக்கும் கேஸ் கிட் மாட்டுவது, பழுது பார்ப்பது தொழில். எங்கள் வேனும் கேஸில்தான் ஓடுகிறது. ஒரு சுவிட்சைத் தட்டினால் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். ஆனால் எங்கள் பக்கத்தில் கேஸ் வண்டி வைத்திருக்கிற யார் வீட்டிலும் பெட்ரோல் டேங்கில் சொட்டு இருக்காது. பெட்ரோல் ஊற்றுகிறவன் எதற்குக் கேஸ் மாட்ட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். எங்கள் வேனில் பெட்ரோல் முள் பல வருடமாக அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. உள்ளே இருக்கிறதா இல்லையா என்று அதற்கே தெரியாது.

சட்டிக்கு வருகிறேன். எங்கேயோ வெளிநாட்டில் லாரிகளைத் திரவ எரிவாயுவில் ஓட்டுகிறார்களாம். கடுங்குளிர்ச்சியான அந்தத் திரவத்தை எரிப்பதற்கு முன், அதன் குளிரை வைத்து இன்ஜினுக்குள் போகிற காற்றைக் குளிரவைக்கிறார்களாம். இதை அவர் செல்போனில் ஒரு வீடியோவில் பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து பிடித்தது சனி. அரிசி கழுவிய தண்ணீரைக் கீழே ஊற்றினால்கூட முகம் சுருங்கும் மனிதர் அவர். வண்டியில் குளிர்ச்சி வீணாகிறது என்று தெரிந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"சிலிண்டர்ல கேஸு தண்ணியாட்டம் கீது. அது ஆவியாவும்போது சுத்தி இருக்கிற சூட்டையெல்லாம் இழுத்துக்கும். குழாயே ஒறஞ்சி பூடும். அதுக்கோசரம் ரேடியேட்டர் சுடுதண்ணிய அதும்மேல ஓட வுடுறானுங்க. ஓசில வர்ற சில்லுப்ப சுடுதண்ணி ஊத்திக் கொல்றானுங்க. எவ்ளோ வேஸ்டு, பாரு."

"அந்தச் சில்லுப்ப வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"காத்து குளுந்தா கனமாவும். கனமான காத்து போனா இன்ஜினு நல்லா மூச்சு வுடும். இழுவ எப்டி இருக்கும் தெரியுமா?"

பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றிய செம்புக் குழாயைச் சுருட்டி என் தூக்குச்சட்டிக்குள் வைத்தார். கேஸ் அந்தச் சுருளுக்குள் ஆவியாகிப் போகும். இன்ஜினுக்குப் போகிற காற்று சட்டிக்குள் நுழைந்து, சுருளைத் தொட்டுக்கொண்டு போகும். இவ்வளவுதான் கண்டுபிடிப்பு. வீட்டில் கோடைக்குக் கோடை மின்விசிறி அனல் காற்றைத்தான் வாரி இறைக்கும். ஒரு ஏ.சி. வாங்குங்கள் என்று நான் தொண்டை வறளக் கேட்டு நாலு கோடை போயிருந்தது. எனக்கு இல்லாத ஏ.சி. இன்ஜினுக்குக் கிடைத்தது.

அக்னி நட்சத்திரத்தில் சோதனை ஓட்டம். உறவுக்காரர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினார். வண்டி ஏறத்தான் செய்தது, பொய் சொல்லக் கூடாது. மேலே போய் நிறுத்தி, முன்சீட்டைத் தூக்கி, இன்ஜின் பக்கத்தில் இருந்த சட்டியை எல்லாரும் தொட்டுப் பார்க்கவேண்டும் என்றார். ஒவ்வொருவராகத் தொட்டோம். சில்லென்றுதான் இருந்தது. கொளுத்துகிற வெயிலில் சட்டிக்கு வெளியே நாலு சொட்டுத் தண்ணீர் வேர்த்திருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பிள்ளை பெற்ற சந்தோஷம். அந்த நாலு சொட்டைப் பார்த்து அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

கார்த்திகை மாதம் எனக்குக் குரூப் ஃபோர் தேர்வு. அது மூன்றாவது முறை. முதல் முறை ஆறு கேள்வியில் போனது, இரண்டாவது முறை இரண்டே கேள்வியில் போனது. அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டிவிடும். ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் ரசீது எழுதுகிற வேலையிலிருந்து தப்பிக்க எனக்கிருந்த கடைசி வாசல் அது. மையம் திண்டிவனத்தில் விழுந்தது. ஒன்பது மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய பிறகு யார் வந்து அழுதாலும் திறக்கமாட்டார்கள்.

"பஸ்ஸுல போயிக்கிறேன்" என்று ஒரு வாரமாகச் சொன்னேன். "நம்ம வண்டிய வச்சிக்கினு பஸ்ஸுல போவியா? ஒன் அவர்ல கொண்டும்போய் வுடுறேன்" என்றார். தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அந்தச் சட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்றால் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

தேர்வுக்கு முதல்நாள் சாயங்காலம் ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுக்கவேண்டும், கறுப்பு மைப் பேனா வாங்கவேண்டும் என்று கிளம்பினால் என் ஸ்கூட்டி முக்கிற்று. பெட்ரோல் இல்லை. வாசலில் வேன் நின்றது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அடியில் கொஞ்சம் கசண்டு இருந்தாலும் பங்க் வரை போய்விடலாம் என்று வேன் டேங்கில் டியூபை விட்டு உறிஞ்சினேன். முன்பும் இரண்டு மூன்று தடவை இப்படி எடுத்திருக்கிறேன். அன்றைக்கு வந்துகொண்டே இருந்தது. இரண்டு லிட்டர் இருக்கும். ஸ்கூட்டிக்குப் பாதி வயிறு நிறைந்தது. எப்படி வந்தது இவ்வளவு என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்குக் கிளம்பினோம். பொடிப்பொடியாக மழை. துணியைப் பிழிந்தால் தண்ணீர் வருவதுபோலக் காற்றைப் பிழிந்தாலும் வரும், அப்படி ஒரு ஈரம். முண்டியம்பாக்கம் தாண்டி, விக்கிரவாண்டி தாண்டி ஓடியது. சட்டி மாட்டிய பிறகு வண்டி இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் ஓடியது அன்றைக்குத்தான். கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் இருமியது. இன்னும் கொஞ்சம் இருமி, ஓரத்தில் நின்றுவிட்டது.

சீட்டைத் தூக்கினார். சட்டி மூடியைக் கழற்றினார். உள்ளே செம்புச் சுருளே தெரியவில்லை. ஃபிரீசரைச் சுத்தம் பண்ணாமல் விட்டால் கட்டுமே, அப்படி வெள்ளை வெளேரென்று ஐஸ் அடைத்துக்கொண்டு நின்றது. மழைக்காற்றில் இருந்த ஈரம் முழுவதும் அங்கே உறைந்து, இன்ஜினுக்கு மூச்சு விட வழியில்லாமல் போயிருந்தது. வெயிலில் சோதித்துவிட்டு மழையில் நம்பினால் இதுதான் நடக்கும்.

என் வாய் திறந்தது. பத்து வருஷத்துக் கணக்கும் வெளியே வந்தது. சட்டியில் ஆரம்பித்து, ஏ.சி.க்குப் போய், "வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுக்கினு குடையுது குடையுதுன்ற ஆளு நீங்க" என்பதில் வந்து நின்றேன். அவர் எனக்காக எடுத்து வந்திருந்த ஃபிளாஸ்க் சுடுதண்ணீரை ஐஸ்மேல் ஊற்றினார். வண்டி கிளம்பியது. அரை கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. கை காட்டிய இரண்டு பஸ்ஸும் தண்ணீரை வாரியடித்துவிட்டு நிற்காமல் போயின. எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

"பயப்படாத" என்றார், சிரித்துக்கொண்டே. "பெட்ரோல்ல போயிடலாம், அதுல ஐஸு கட்டாது. நேத்து மத்தியானமே பங்க்ல ரெண்டு லிட்டரு போட்டு வச்சேன். உன் பரீட்சக்கோசரம்தான். சொன்னா எதுனா குத்திப் பேசுவன்னு சொல்லல."

அந்த இரண்டு லிட்டரும் வீட்டில், என் ஸ்கூட்டி வயிற்றில் இருந்தது.

சுவிட்சைத் தட்டிச் சாவியைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். பற்றவில்லை. முகம் மாறியது. டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தபடியே வந்தது. "போட்டேனே" என்றார், தனக்குத்தானே. பிறகு தேர்வுக்கு என்னைக் கொண்டுபோய் விடுவதற்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, அந்தச் சேற்றில், வேனுக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். டேங்கைத் தடவினார். ஒவ்வொரு குழாயாகத் தடவி விரலை மோந்து பார்த்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் கால்களைப் பார்த்தபடி நின்றேன். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல, வாய் திறக்கமுடியவில்லை.

சொல்லியிருக்கலாம். 'நான்தான் எடுத்தேன்' என்று இரண்டு சொல். ஆனால் அரைமணி நேரமாக அவரை நாறடித்திருந்தேனே, அந்த வாயால் எப்படிச் சொல்வது? சொன்னால் உயிர் உள்ளவரை என் வாய் அடைத்துப் போகும் என்று பட்டது. இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன், அந்த மழையில், ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தார். தலை முடியிலெல்லாம் சேறு.

"ஐஸு கரஞ்சிடிச்சி. கேஸ்லயே போலாம், பதனமா ஓட்டுனா திண்டிவனம் போயிடும். ஆனா பெட்ரோலு எங்கயோ ஒழுவிக்கினு கீது. எங்கன்னு தெரியல. கீழ இன்ஜினு சூடு கீது, பத்திக்கும். உன்ன ஏத்திக்கினு நான் சாவி போட மாட்டேன். எதுனா ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆவாது, எடுங்க."

"வேணாம்மா. பரீட்ச பெருசா, நீ பெருசா?"

அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் குடையை மடக்கிக்கொண்டு கூட்டேரிப்பட்டு நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தேன். வண்டியைப் பூட்டிவிட்டு அவரும் பின்னாலேயே ஓடி வந்தார். பஸ் கிடைத்து, இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டி நாலு நிமிடம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே தாழ்வாரத்தில் பெண்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அறைக்குள் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், என் தப்பு சார், என் வண்டி தப்பு சார்" என்று காவலுக்கு நின்றவரிடம் கெஞ்சினார். சேறு படிந்த அந்தச் சட்டையோடு. நான் தள்ளி நின்று அழுதேன். தேர்வு போனதற்காக அழுகிறேன் என்று நினைத்து, அந்தக் காவலர் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று மாலையே அவர் சட்டியைக் கழற்றினார். ஓட்டைகளை அடைத்து, பாலீஷ் போட்டு, ஒன்றும் சொல்லாமல் என் அடுப்படியில் கொண்டுவந்து வைத்தார். அடுத்த ஒரு வாரம் பட்டறையில் வேறு வேலை எடுக்கவில்லை. பெட்ரோல் டேங்கைத் தனியாக இறக்கி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்துப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. கடைசியில் அவருக்கு ஒரே ஒரு விளக்கம்தான் மிஞ்சியது. பங்க்கில் பெட்ரோல் போடாமலேயே போட்டதாக ஏமாற்றிவிட்டார்கள்.

உறவு முழுக்க இந்தக் கதை தெரியும். என்னைப் பார்த்தால், பாவம், புருஷன் பைத்தியக்காரத்தனத்தால் சர்க்கார் வேலை போயிற்று என்பார்கள். அவரும் தலையைக் குனிந்துகொள்வார். நான் மறுக்கமாட்டேன். நான் இன்னும் அதே பள்ளியில் ரசீது எழுதுகிறேன். அவர் என் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் தீரவே விடுவதில்லை. அதற்காக அந்தப் பங்க்கைத் தாண்டி மூன்று கிலோமீட்டர் போய், வேறு பங்க்கில் வாங்கி வருகிறார். அந்தப் பழைய பங்க்கின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் வேனை மெதுவாக்கி, "இவனாலதான் உன் வேல பூட்ச்சி" என்கிறார்.

"ஆமாங்க" என்கிறேன் நான்.